மாமனாருக்குக் காய்ச்சல்

ஜன்னலுக்கு வெளியே வீட்டுக்காரர் தங்கவேல் மறுபடியும் வந்து நின்றார். பாகூரில் அந்த வீட்டின் முன்பாதியில் அவர். பின்பாதியில் வாடகைக்கு பாக்யராஜ் குடும்பம்.

"ஃபிரிட்ஜ் புதுசாப்பா?"

"பழசுங்க. ஓடாது."

சொல்லி முடிப்பதற்குள் ஃபிரிட்ஜ் உறுமித் தொலைத்தது. தங்கவேல் துண்டுச்சீட்டில் எதையோ குறித்துக்கொண்டு போனார்.

பாக்யராஜுக்குப் பழைய வீடு ஞாபகம் வந்தது. திருக்கனூரில் இருந்தபோது வாஷிங்மெஷின் வாங்கியதும், "வசதியாயிட்டீங்க, வேற வூடு பாருங்க" என்று கிளப்பிவிட்டார்கள். மகள் கல்பனாவுக்கு பிளஸ் டூ பரீட்சைக்கு இரண்டே மாதம். இப்போது எங்கே மூட்டை கட்டுவது?

"எல்லாத்தையும் ஒளிச்சிடலாம்" என்றான்.

மனைவி சுகன்யா முறைத்தாள். ஆனாலும் மிக்ஸி அரிசி டிரம்முக்குள் இறங்கியது. அவள் பிளவுஸ் தைத்துப் பாதிக் குடும்பத்தை ஓட்டுகிற தையல் மெஷினைக் கட்டிலில் சாய்த்துப் போர்வை போர்த்தினார்கள்.

மறுநாள் தங்கவேல் எட்டிப் பார்த்தார். "யாரு, படுத்துனு இருக்கறது?"

"மாமனாருங்க. காய்ச்சல்" என்றான் பாக்யராஜ்.

அரை மணியில் ஒரு தூக்கு நிறையக் கஞ்சி வந்தது. தூக்கை வெறுமனே திருப்பித் தரக்கூடாதென்று சுகன்யா சட்னி வைத்துக் கொடுத்தாள்.

"சட்னில அரிசி கெடக்குதேம்மா" என்றார் தங்கவேல். அதையும் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பை மாட்டிய பெண் ஒருத்தி வந்தாள். "செல்வகுமாரிங்க. தங்கவேல் ஐயா அனுப்பினாரு."

பாக்யராஜ் கும்பிட்டான். "பொண்ணு பரீட்சை முடியறவரைக்கும் இருக்க விடச் சொல்லும்மா. அப்பறம் காலி பண்ணிடறோம்."

"எதுக்குங்க? நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஐயா வூட்டுக்குப் பாலிசி எடுத்தாரு. அதுல செவுரும் கூரையுந்தான் வரும், உள்ள இருக்கற சாமானுக்குக் குடியிருக்கறவங்க பேர்ல தனியா எடுக்கணும்னேன். போன புயல்ல முன்ன இருந்தவங்க சாமானெல்லாம் தண்ணில போயி, அழுதுனே போனாங்களாம். இந்தப் பசங்களுக்கு அப்டி ஆவக்கூடாதுன்னு சொல்லிதான் அனுப்பினாரு."

சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாக்யராஜ் கட்டிலை மறைத்தபடி நின்றான். அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

செல்வகுமாரி துண்டுச்சீட்டை விரித்தாள். "லிஸ்ட்டும் அவரே குடுத்துட்டாரு. ஃபிரிட்ஜ், நல்லா ஓடுது. மிக்ஸி, அரிசி டிரம்முல இருக்குது. தையல் மெஷினுக்கு மட்டும் காய்ச்சல்னு போட்டிருக்காரு, அது இன்னா ரிப்பேருங்க?"