அக்காவுக்கு அனுப்பிய லொக்கேஷன்

போடிமெட்டு,
வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க அமுதவள்ளி அக்காவுக்கு, தம்பி முத்துக்கிருஷ்ணன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரும் சுகம். ராசிங்காபுரத்தில் நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகமென்று உன் ஸ்டேட்டஸ் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். புது வீட்டுக்கு வழி தெரியாததால்தான் மூன்று வருடமாக வரவில்லை என்று போன வாரம் சொன்னாயல்லவா, அன்று இரவே லொக்கேஷன் அனுப்பினேன், உனக்கென்று நினைத்து எங்கள் தோட்டத்து யானை எச்சரிக்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அந்தக் குழுவில் யாரும் எதுவும் எழுதமாட்டார்கள். லொக்கேஷன் வந்தால் அங்கே யானை நிற்கிறது, அவ்வளவுதான். விடிந்ததும் காய் எடுக்கிற பெண்களின் ஜீப்பு பாதி மலையில் திரும்பிவிட்டது, பால்காரர் வரவில்லை, என் வீட்டுப் பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்பதால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு வனத்துறையார் நாலு பேர் வெடியோடு வந்தார்கள். இந்த வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளிகள், பால் இல்லாததால் கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தேன். "யானை எங்கண்ணே?" என்றார்கள். உண்மையைச் சொல்லக் கூச்சம். "இப்பத்தான் போச்சு" என்றேன். "எந்தப் பக்கம்?" கை தானாக டீக்கடைப் பக்கம் நீண்டது. டீக்கடையையும் அடைச்சுட்டாங்க. காய் எடுக்கிற சந்திரவல்லி ரோட்டுல நின்னு, "ஒரு நாள் சோலி போச்சே, அந்த யானை வெளங்குமா?"ன்னு சத்தம் போடுது. அது நான்தான்னு எப்படிச் சொல்ல?

ஜீப்பு ஓட்டுற பால்ராஜ்கிட்ட மட்டும் சொன்னேன். சாயங்காலத்துக்குள்ள மலை பூராம் சொல்லிட்டான். அதோட விட்டானா? "ஏண்ணே, இந்தா கீழ இருக்கிற ராசிங்காபுரத்துல இருந்து வர்றவுகளுக்கு மேப்பு எதுக்கு? போடி ஸ்டாண்டுல என் பேரைச் சொன்னா வெரசா கொண்டாந்து எறக்கிர மாட்டேன்?" என்றான்.

ஆகவே காகிதத்திலேயே எழுதுகிறேன். போடி ஸ்டாண்டு, பால்ராஜ் ஜீப்பு, மெட்டு தாண்டி மூன்றாவது வளைவு, நீல கேட். ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பா வந்துரு. கொல்லையில உனக்குன்னு ஒரு வாழைத்தார் வெட்டாம வச்சிருக்கேன்.

மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

தம்பி,
முத்துக்கிருஷ்ணன்

பி.கு.: ஞாயிறு வர வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது கொல்லையில் சத்தம். ஒற்றை யானை, இது நிஜம், உன் தாரைத் தின்றுகொண்டிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு குழுவில் லொக்கேஷன் போட்டேன். முதன்முறையாக அத்தனை பேரும் எழுதியிருக்கிறார்கள்: "அண்ணே, அக்கா இன்னும் வரலையா?"