ஏழு குறைகளும் ஒரு கையெழுத்தும்

காரிமங்கலம்,
செவ்வாய்க்கிழமை காலை.

பாப்பிரெட்டிப்பட்டியில் வசிக்கும் என் மரியாதைக்குரிய மாமனார், ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் மாதையன் அவர்களுக்கு, மருமகன் வீரமணி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் இருக்கிறேன். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்து, அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்து, இருபது நாட்களாக உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி தீர்த்தம்மாளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் போனை அவள்தான் எடுக்கிறாள்; என் குரல் கேட்டதும் "ராங் நம்பருங்க" என்று வைத்துவிடுகிறாள். எதுவானாலும் எழுத்தில் கொடு என்று நீங்களும் எப்போதும் சொல்வீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

மாமா, தீர்த்தம்மாள் அங்கே வந்த ஐந்தாம் நாள், எங்கள் உரிமம் பெற்ற பிளம்பிங் ஒப்பந்ததாரர்கள் சங்கத்தின் தலைவர் மாதவராஜ் என்னைக் கூப்பிட்டனுப்பி, என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பதிவுத் தபாலை நீட்டினார். "அண்ணா, உங்க மேல ஒரு வூட்டுக்காரம்மா புகார் குடுத்திருக்காங்க" என்றார். இருபத்தெட்டு வருடத் தொழிலில் என்மேல் இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. "எந்த வூடுங்க?" என்று கேட்டேன். "உங்க வூடுதாங்கண்ணா" என்றார். பிரித்தேன். புகார்தாரர், நீங்கள் மகளுக்கு எழுதிக் கொடுத்த மனையின் தான செட்டில்மெண்ட்படியும் வீட்டுவரி ரசீதுப்படியும் வீட்டின் உரிமையாளராகிய தீர்த்தம்மாள். எதிர்தரப்பு, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரராகிய நான். கையெழுத்து அவளுடையது, ஆனால் எழுதியது யார் என்று எனக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. "கிழக்கே சமையலறைச் சுவர், மேற்கே துணி துவைக்கும் கல், வடக்கே காம்பவுண்டு, தெற்கே நடைபாதை, இந்த நான்கெல்லைக்குட்பட்ட குளியலறையில் உள்ள குழாயானது நான்கு வருட காலமாக யாதொரு தடையுமின்றி சர்வ சுதந்திர பாத்தியத்துடன் சொட்டி வருகிறது" என்று உலகத்தில் வேறு யார் எழுதுவார்கள் மாமா? நான் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசியில் சாட்சிக் கையெழுத்தைப் பார்த்தபோதுதான் உட்கார்ந்துவிட்டேன். ஓசூரில் வேலை பார்க்கும் என் மகள் காவியா! போன் போட்டால், "தாத்தா வாட்சப்புல அனுப்பி, படிச்சுப் பார்த்துப் போடுன்னாருப்பா. படிச்சேன். எல்லாம் உண்மையாதான இருந்துச்சு" என்கிறாள்.

உண்மைதான். ஆனாலும் அவள் கிளம்பிப் போன அன்று நடந்ததை என் பக்கத்திலிருந்தும் நீங்கள் கேட்க வேண்டும். அன்று தொப்பூரில் ஒரு ஹோட்டல் வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தால், சமையலறைத் தொட்டிக்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இழுத்துப் பார்த்தேன், பிளம்பர் அன்பு. எங்கள் சங்கத்துப் பையன்தான், நாற்பது வயதாகிறது. "அக்கா கூப்பிட்டாங்கண்ணா" என்றான். "என் வூட்டுக் குழாயில நீ ரெஞ்ச் வெக்கறியா?" என்று அவன் பையைத் தூக்கித் தெருவில் வைத்தேன். எறியவில்லை மாமா, வைத்தேன். தீர்த்தம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். "நீங்களும் செய்ய மாட்டீங்க. செய்ய வந்தவனையும் வுட மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தினாள், அடுப்பை நிறுத்தினாள், பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டே பின்னால் வந்தேன். "ஏறு, நானே கொண்டாந்து வுடறேன்" என்றேன். "வேண்டாங்க. பாதி வழியில யாராச்சும் பைப்பு ஒடஞ்சு போச்சுன்னு கூப்பிடுவாங்க. என்னைத் தர்மபுரியில எறக்கி வுட்டுட்டுப் போயிருவீங்க" என்றாள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன். பேசி முடித்துத் திரும்பினால் பஸ் போய்விட்டிருந்தது.

அதற்கப்புறம் சம்பவ இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தலைவர் மாதவராஜ். இன்னொருவன் யாரென்று நினைக்கிறீர்கள்? அந்த அன்புதான். வாசலில் நின்று, "உள்ள வரலாங்களாண்ணா?" என்று கேட்டான், எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சொட்டும் குழாய், கழிவுநீர் வெளியே போகாமல் வாளிக்குள் விழும் சமையலறைத் தொட்டி, இணைப்பே கொடுக்காததால் மூன்று வருடமாக அரிசி மூட்டை சுமக்கும் வாஷிங் மிஷின் எல்லாம் பார்த்தார்கள். மாடியில் சோலார் ஹீட்டர் வைத்த அன்று நான் அவசரமாக வேறு வேலைக்குக் கிளம்பியதில் குளியலறை வெந்நீர்க் குழாயும் கழிப்பறைக் குழாயும் மாறிப்போனது உங்களுக்குத் தெரியும், புகாரில் நீங்களே "விபரீத இணைப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விளக்குவதற்குள் மாதவராஜ் கழிப்பறைக்குள் போய்த் தண்ணீரை இழுத்துவிட்டார். குபுகுபுவென்று ஆவி வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "அண்ணா, உள்ள இட்லி வேகுதுங்களா?" என்றார். குளிக்க வெந்நீர் எங்கே என்று அன்பு கேட்டான். அதை இரண்டு வருடமாகத் தீர்த்தம் அடுப்பில் வைத்துத்தான் தூக்கிப் போகிறாள் என்று நான் சொன்னபோது இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஏழு குறைகளும் உண்மை என்று எழுதினார்கள். பதினைந்து நாளுக்குள் எல்லாவற்றையும் சரிசெய்து, வீட்டு உரிமையாளரிடம் திருப்தி என்று கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் புகார் முடியும். இல்லாவிட்டால் இந்த வருடம் என் உரிமத்தைப் புதுப்பிக்கச் சங்கம் கடிதம் தராது. இதுதான் தீர்ப்பு.

வேலையை ஆரம்பித்தேன் மாமா. சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தால், உடைந்த குழாயைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. அவளுடைய மஞ்சள் சேலைக் கரை. எத்தனை தடவை ஊறி, எத்தனை தடவை மாற்றிக் கட்டினாளோ. அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. இத்தனை வருடமாகக் குழாய்க்கு டேப் சுற்றுகிறேன். இவ்வளவு இறுக்கமாக நான் ஒரு வாடிக்கையாளருக்கும் சுற்றியதில்லை. அறுத்துவிடலாம், மனம் வரவில்லை. அப்புறம் மேல்தொட்டி. தண்ணீர் நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க ஒரு சுவிட்ச் போட வேண்டும் என்பது புகாரில் நான்காவது. அதைப் போடும்வரை அவள் செய்துவந்ததை நான் செய்து பார்த்தேன். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுக் காபி கலந்து உட்கார்ந்தால், மாடியில் தண்ணீர் கொட்டுகிறது. ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்தால் காபி ஆறிக் கிடக்கிறது. நான்கு நாளும் இதே கதை. மாமா, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறேன். இந்த வீட்டில் அவள் ஒரு நாளாவது சூடாகக் காபி குடித்திருப்பாளா?

குளியலறைக் குழாயைக் கடைசியாக மாற்றினேன். ஒரு வாஷர்தான். பத்து நிமிட வேலை. நான்கு வருடம். சொட்டு நின்றது. நின்றபிறகுதான் வீட்டில் வேறு சத்தமே இல்லை என்று தெரிந்தது. முன்பெல்லாம் சமையலறையிலிருந்து, "ஏங்க, அந்தக் கொழாயி..." என்று ஆரம்பிப்பாள், நான் "நாளைக்கு" என்று முடிப்பேன். நேற்று வெறும் சமையலறையைப் பார்த்து, "தீர்த்தம், எல்லாம் செஞ்சுட்டேன்" என்று நானே சொன்னேன். எதிர்வீட்டு அக்கா எட்டிப்பார்த்து, "யாருகிட்டங்க பேசறீங்க?" என்று கேட்டது. சங்கத்துக்கு அறிக்கை சொல்லிப் பார்த்தேன் என்று சமாளித்தேன்.

ஆகவே மாமா, தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கெடு முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. தீர்த்தத்தை ஒருமுறை அனுப்பி வையுங்கள். அவள் வந்து ஏழையும் திறந்து மூடிப் பார்த்து, திருப்தி என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். தங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த மாட்டேன். அடுத்த பஸ்ஸுக்கே ஏற்றிவிடுகிறேன். ஏழு வேலையும் என் கையாலேயே செய்தேன் என்றும் அவளிடம் சொல்லுங்கள். எனக்கு வேண்டியது உரிமம் மட்டும்தான். வேறு எதையும் மனதில் வைத்து எழுதவில்லை.

உங்கள் இருவர் பாதங்களையும் இங்கிருந்தே தொட்டுக் கும்பிட்டு, ஆசி வேண்டி முடிக்கும்,
மருமகன்,
வீரமணி.

பின்குறிப்பு: தபால் உறையை ஒட்டப்போகும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தீர்த்தம் வந்துவிட்டாள். தர்மபுரிக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். கையில் இரண்டு பெரிய பை. பைகளை இறக்கிவைத்ததும் நேராகப் போய் ஏழையும் திறந்து மூடிப் பார்த்தாள். வெந்நீர்க் குழாயடியில் மட்டும் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். "சோலாரு பைப்பு நீங்க செஞ்ச வேலை மாதிரி இல்லியே, அன்பு வந்தானா?" என்று கேட்டாள். ஆமாம் மாமா, ஏழும் என் கையாலேயே செய்தேன் என்று மேலே எழுதியது பொய். நான்தான் அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வந்தேன். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

சங்கத்துத் தாளையும் பேனாவையும் நீட்டினேன். வாங்கி, மடித்து, அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். "கையெழுத்துப் போட்டா நாளைக்கே தொப்பூருக்கு ஓடிருவீங்க. புகாரு அப்படியே கெடக்கட்டும். மாதவராஜ் அண்ணன்கிட்ட வாய்தா கேட்டுட்டேன்" என்கிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டால், "அதெல்லாம் இப்ப சொல்ல முடியாதுங்க. புகார் முடியற வரைக்கும் நான் சம்பவ எடத்துலயே இருக்கோணும்" என்கிறாள். இது சட்டத்தில் உண்டா மாமா? இல்லாவிட்டாலும் உண்டு என்றே எழுதிப் போடுங்கள். அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டாம். உரிமம் வாய்தாவிலேயே கிடக்கட்டும்.