துரையைப் பற்றி மாமாவுக்கு மட்டும்

அன்புள்ள செந்தூர்வேல் மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் முத்துமாரி வணக்கத்துடன் எழுதுவது. தம்மாமில் சவூதி வெயிலைச் சமாளித்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தூத்துக்குடியில் அப்பா, அம்மா, கடை, கிளி எல்லாம் நலம். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் தொடங்கினேன். இனி எழுதுவது உண்மை.

வீட்டில் இருப்பது ஒரே போன். அதில் வருவதையும் போவதையும் அப்பா கடையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். அதனால் எல்லோரும் தூங்கியபின் கடைக்குள் வந்து, கூல்டிரிங்ஸ் பெட்டியின் வெளிச்சத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை தம்மாம் புறப்படும் காஜா முஹ்யித்தீன் அண்ணனிடம் அம்மா கொடுத்தனுப்பும் மக்ரூன் டப்பாவின் அடியில் இது இருக்கும். கையெழுத்து நடுங்கினால் அது பயம், சரிந்தால் தூக்கம்.

எங்கள் கிருபாநிதி சார் இயற்கை மன்றம் தொடங்கினார். ஆளுக்கொரு உயிரைப் படம்பிடித்து, அது என்னவென்று கண்டுபிடித்து, அதற்கென்று இருக்கிற இணையதளத்தில் இடத்தோடு போட வேண்டும். உப்பளத்துக்குப் போனவர்கள் பூநாரை எடுத்தார்கள், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனவர்கள் நண்டு எடுத்தார்கள், என்னை அப்பா எங்கும் அனுப்பவில்லை, பல்லியை எடுத்தேன், படத்தில் வால் மட்டும் விழுந்தது, பூனையை எடுத்தேன், வளர்ப்புப் பிராணிக்கு மதிப்பெண் இல்லை என்று சார் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது நீங்கள் விட்டுப்போன கிளி, நம் துரைதான். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, கூண்டுக் கதவைத் திறந்து போனை உள்ளே நீட்டி, பின்னால் ஒரு முருங்கைக் கிளையைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். காட்டுயிரா, வளர்ப்பா என்று இணையதளம் கேட்டது. காட்டுயிர் என்று அழுத்தினேன். அவ்வளவுதான் மாமா, ஒரு விரல் செய்த வேலை.

சாதாரணப் பச்சைக்கிளியாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். துரையின் தோளில் சிவப்புத் திட்டு இருப்பதால் அது வேறு இனமாம், இந்தக் கரையில் வெளியே பறந்து யாரும் பார்த்ததில்லையாம். பறவைக்காரர்கள் வரிசையாக உறுதி செய்தார்கள். சார் காலை வணக்கக் கூட்டத்தில் என்னை மேடையேற்றிச் சான்றிதழ் கொடுத்தார். கொடுத்துவிட்டு அதே மேடையில், நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம், ஜெயில்கூட உண்டு என்று பேசினார். நான் சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் பெருமை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து நம் தெருவில் கேமராக்காரர்கள், ஒவ்வொரு லென்சும் முழங்கை நீளம். அப்பாவுக்கு விஷயம் தெரியாது, சோடா விற்கிற சந்தோஷம் மட்டும்தான். "ஏளா மாரி, கப்பல் பாக்க வராத கூட்டம்லாம் நம்ம கரண்டு கம்பத்தப் பாக்க வருது" என்றார். அவர்களில் ஒருவர் அப்பாவிடமே, இந்தப் பக்கம் கிளி எதுவும் பார்த்தீர்களா அண்ணாச்சி என்று கேட்டார். அப்பா, "கிளிக்கா இப்படி வெயில்ல நிக்கிய? உள்ள வாங்க, நம்ம வீட்ல" என்று தொடங்கியதும் கையிலிருந்த ஊறுகாய் பாட்டிலைக் கீழே போட்டேன். அடி விழுந்தது, பேச்சு நின்றது, ஆனால் சத்தத்துக்குப் பயந்து துரை உள்ளே இருந்து கத்தியது. தெற்கே குரல் கேட்கிறது என்று அந்த ஆள் மற்றவர்களையும் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து அது வாயைத் திறக்காமலிருக்கக் கொய்யாப்பழம் ஊட்டுகிறேன், பள்ளிக்குப் போகுமுன் ஊட்டுகிறேன், வந்ததும் ஊட்டுகிறேன், கூண்டைக் குளியலறையில் வைத்துப் போர்வையால் மூடுகிறேன், அம்மா திறக்கிறாள், திரும்ப மூடுகிறேன். அதற்குத் தொப்பை விழுந்துவிட்டது. எனக்குக் கண் குழிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் கேமராக்காரர்கள் வனத்துறை ஆட்களோடு வந்து நம் தெருவில் வீடு வீடாக மரங்களைப் பார்க்கப் போகிறார்களாம். சார்தான் மகிழ்ச்சியோடு சொன்னார். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சொல்லலாமென்றால், 'என் தம்பி என்னை நம்பி விட்டுப்போன கிளி' என்று அதன் ஒரு இறகைக்கூட யாரையும் தொட விடமாட்டாள். ஆகவே மாமா, நீங்களே அப்பாவுக்குப் போன் போட்டு, துரையை வனத்துறையிடம் ஒப்படைத்துவிடும்படி சொல்ல வேண்டும். உங்கள் கிளி, நீங்கள் சொன்னால்தான் நடக்கும். என் பெயர் மட்டும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர் முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும், கொஞ்சம் மிச்சமிருந்தால் எனக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்,
ச. முத்துமாரி

பின்குறிப்பு: மாமா, போன் போட வேண்டாம். மக்ரூன் டப்பாவை எடுக்க வந்த அம்மா என் பின்னால் நின்று முழுவதையும் வாசித்துவிட்டாள். அடிப்பாள் என்று குனிந்தேன். அவளோ எதிர் மூட்டையில் உட்கார்ந்து, "துரை நீ ஆறாப்பு படிக்கையிலயே பறந்து போயிட்டுளா" என்றாள். நீங்கள் வருத்தப்படுவீர்களே என்று மதுரை வரை போய் அதே மாதிரி ஒன்றை வாங்கிவந்து வைத்தாளாம். அப்பாவுக்கே தெரியாதாம். "காலையில நானே வனத்துறை ஆபீஸ்ல கொண்டு குடுத்துருதேன். அவன் கிளியே இல்ல, அவன்ட்ட எதுக்குக் கேக்கணும்? நீ அந்தப் படத்துல வளர்ப்புன்னு மாத்திரு, சார்ட்ட நான் வந்து பேசுதேன்" என்றாள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடச் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். இத்தனை பயந்து எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, டப்பாவிலேயே வைத்துவிட்டேன். நீங்கள் ஒன்றும் தெரியாத மாதிரி இருங்கள். முக்கியமாக, வீடியோவில் துரையைக் காட்டு என்று கேட்டுவிடாதீர்கள். அம்மா மூன்றாவது கிளி வாங்கிவிடுவாள்.