மைலேஜ் அங்கிளும் ஓடாத சத்தமும்

லிஃப்ட் கேட்டு ரோட்டோரம் நிற்பவர்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். யாராவது லிஃப்ட் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து ஒளிந்தவர்களை பெங்களூர் ஆஸ்டின் டவுன் பஸ் ஸ்டாப்பில் மட்டும்தான் பார்த்தேன். அத்தனை பேரும் பயந்தது ஒரே மனிதருக்கு. மைலேஜ் அங்கிளுக்கு.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் கூரியர்காரரே கேட்டில் நின்று "மைலேஜ் அங்கிள் வீடு இதுதானே" என்று கேட்பார். ஏதோ தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் மெல்போர்னில். மிச்சம் இருந்தது ஒரு சின்ன வெள்ளைக் கார். கதவைச் சாத்தினால் தகர டப்பா மூடுவது போலச் சத்தம் வரும். ஆனால் பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அது நடுரோட்டில் நின்றதில்லை.

காலை எட்டரைக்கு அந்தக் கார் தெருமுனையில் திரும்பினால் போதும், பஸ் ஸ்டாப் காலியாகிவிடும். ஒரு டீச்சர் இளநீர் வண்டிக்குப் பின்னால் குனிந்து நிற்பதை நானே பார்த்தேன். காரணம் இருந்தது. அங்கிள் முப்பதைத் தாண்டி ஓட்டமாட்டார். போகிற வழியெல்லாம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதில் தொடங்கி, சின்னக் காரின் அருமை பெருமைகளைக் கேட்டாக வேண்டும்.

"பெரிய கார் வெச்சிருக்கறவன் இன்னும் பார்க்கிங் தேடிட்டு இருக்கான் தம்பி. நான் வீட்டுக்குப் போய் சாப்ட்டு கை கழுவிட்டேன்."

பின் சீட்டில் உட்கார்ந்தவர்கள் பாடு இன்னும் மோசம். ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் உறையை அவர் கழற்றவே இல்லை. பிரேக் போடும்போதெல்லாம் வழுக்கிக்கொண்டு முன்னால் வருவோம். ஏன் கழற்றவில்லை என்று கேட்டேன்.

"யார் உக்காந்தா, அழுக்காகறதுக்கு?" என்றார்.

நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்தது என் திருமணம் முறிந்த வருஷம். அவர் வீட்டுக்கு எதிரே, மாடியில் ஓர் அறை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை என் மகளைக் கூட்டிவர அனுமதி. வாடகை டாக்ஸிகளில் அவளுக்கு வாந்தி வரும். பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று நினைத்து, தெரியாத்தனமாக அங்கிளிடம் சொல்லிவிட்டேன்.

"எதுக்கு கார்?" என்றார். சொன்னேன்.

"அப்ப பின் கதவுல சைல்ட் லாக் வேலை செய்யுதான்னு முதல்ல பாக்கணும்" என்றார்.

அடுகோடியில் பழைய கார் விற்கும் ஓர் ஆளிடம் போனோம். ஓனர் ஒரே ஆள்தான், லேடி டாக்டர், இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று அவர் ஆரம்பித்தார். அங்கிள் இஞ்சினைத் திறக்கவே இல்லை. தரையில் மண்டி போட்டு, டிரைவர் சீட்டுக்குக் கீழே தலையை விட்டு, பிரேக் பெடலைப் பார்த்தார். லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைப் போல ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"டாக்டரம்மா பேஷன்ட் வராத நேரமெல்லாம் வண்டில உக்காந்து பிரேக்க மிதிச்சிட்டே இருந்தாங்களா?"

"சார், லேடீஸ் கொஞ்சம் அழுத்தி மிதிப்பாங்க."

அங்கிள் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். கிணற்றில் கயிறு இழுப்பது போல, கடைசி வரை இழுத்தார். அடிப்பகுதியில் ஒரு சாண் அளவுக்குக் காய்ந்த சேறு.

"இது ஓடின வண்டி இல்ல தம்பி, நீந்தின வண்டி. ஏதோ பேஸ்மென்ட்ல மழைத் தண்ணில முழுகியிருக்கு. பன்னி ஹோகோணா" என்று, வாங்க போகலாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லி முடித்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

இப்படிப் பதினோரு கார்களை நிராகரித்தார். பன்னிரண்டாவதாகக் கிடைத்த சின்னச் சாம்பல் நிறக் காரை அவரே தேர்ந்தெடுத்தார். சைல்ட் லாக்கை நாற்பது தடவை திறந்து மூடினார். என் மகள் அதில் ஒரு நாளும் வாந்தி எடுக்கவில்லை. எனக்கு அந்த ஊரில் வேறு யாரையும் அவ்வளவாகத் தெரியாது. சனிக்கிழமை அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்போது அங்கிள் கேட்டில் நிற்பார். "வண்டி எப்படி ஓடிச்சு?" என்பார். "நல்லா ஓடிச்சு" என்பேன். எங்கள் இருவருக்கும் அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

அவருடைய காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. முந்தைய நாள் முழுக்கத் துடைத்தார். அவரும் முடி வெட்டிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து இன்னும் ஐந்து வருஷம் தாராளமாக ஓடும் என்று சொல்லிவிட்டாராம். அதே வாரம் அவருடைய லைசென்ஸையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கண் டாக்டரின் சான்றிதழ் தேவை.

மாலையில் வந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"வண்டி பாஸ். ஓட்டறவன் ஃபெயில்" என்றார். "நேரா பாத்தா தெரியுது, சைடு பார்வை சுத்தமா போயிடுச்சாம். சைடுல யார் இருக்காங்க டாக்டர் பாக்கறதுக்குன்னு கேட்டேன். அவரு சிரிக்கல."

நானும் சிரிக்கவில்லை.

அதன் பிறகும் தினமும் காலை எட்டரைக்குக் காரில் உட்கார்ந்து இஞ்சினை ஓடவிடுவார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதாம். கேட் திறக்காது. பத்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு அணைத்துவிடுவார். பஸ் ஸ்டாப்பில் இப்போது யாரும் ஒளிவதில்லை. என்ன ஆயிற்று என்று யாரும் வந்து கேட்கவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து, ஓடாமல் நிற்பது வண்டிக்குக் கெடுதல் என்று சொல்லி, விற்கத் தீர்மானித்தார். வந்தவர்களை அவர் பேட்டி எடுத்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டார். பெரிய ஸ்பீக்கர் மாட்டப் போவதாகச் சொன்ன ஒருவரை வாசலோடு அனுப்பினார். "ரெண்டு மாசம் வெச்சுட்டு மாத்திடுவேன்" என்றவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஈஜிபுராவிலிருந்து செல்வி என்று ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். வீட்டில் சமைத்து அடுகோடியில் இருக்கிற ஒர்க் ஷாப்புகளுக்கு மதியச் சாப்பாடு கொடுப்பவர். கையில் ஒரு பெரிய சாம்பார் தூக்கு.

"ஆட்டோக்காரங்க ஏத்த மாட்டேங்கறாங்க அங்கிள், கொட்டிடும்னு. இது பின்னாடி நிக்குமான்னு பாக்கத்தான் எடுத்துட்டு வந்தேன்."

தூக்கைப் பின் சீட்டில் வைத்தார். கச்சிதமாக நின்றது. அங்கிள் தயங்கி, "அந்த பிளாஸ்டிக்க வேணா கழட்டிடட்டுமா?" என்றார்.

"அய்ய, இருக்கட்டும் அங்கிள். சாம்பார் கொட்டினா தொடச்சுக்கலாம்."

அங்கிள் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்துவிட்டார்.

கார் போன பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. வாரம் ஒருமுறை செல்விக்குப் போன் செய்வார். "வண்டி எப்படிம்மா இருக்கு?" ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லை என்று பதில் வரும். "சொன்னேன்ல" என்று என்னைப் பெருமையாகப் பார்ப்பார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு காலியாகிவிட்ட கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கார் ரிப்பேரே ஆகாமல் இருப்பது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி காருடன் வந்து நின்றார். "அங்கிள், என்னமோ சத்தம் வருது. கொஞ்சம் கேட்டு சொல்றீங்களா?"

அங்கிள் சட்டை மாற்றிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். ஈஜிபுரா வரை போய், அங்கே சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம்தான் திரும்பி வந்தார். அடுத்த ஞாயிறு வேறு சத்தம். அதற்கடுத்த ஞாயிறு இன்னொன்று. எனக்குக் கவலையாகிவிட்டது. செல்வியைத் தனியாகப் பிடித்து, நல்ல மெக்கானிக்கிடம் காட்டலாமே என்றேன்.

"சத்தமும் இல்ல ஒண்ணும் இல்லண்ணா, ஜம்முனு ஓடுது. வண்டி நல்லா இருக்குன்னு சொன்னேன்னா, அதுக்கு மேல அவருக்குப் பேச ஒண்ணும் இல்ல. போன வைக்காம சும்மா பிடிச்சிட்டே இருக்காரு. எனக்கு மனசு கேக்கல."

போன மாதம் ஓர் உறவினர் கல்யாணத்துக்காக செல்வி தர்மபுரி போயிருந்தார். அங்கிளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். பதினொரு மணிக்கும் நின்றார். எனக்கும் அன்று மகள் வராத வாரம். ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தவன் கீழே இறங்கிப் போனேன்.

"அங்கிள், என் வண்டியில ஒரு சத்தம் வருது."

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். நான் இஞ்சினைப் போட்டேன். கண்களை மூடி, தலையைச் சாய்த்து, வெகுநேரம் கேட்டார். அந்தக் காரில் ஒரு சத்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"ஆமா, இருக்கு" என்றார். "பின்சக்கரத்துப் பக்கம். இங்க நின்னா கேக்காது தம்பி. ஓட்டிப் பாக்கணும்."

"எவ்வளவு தூரம் அங்கிள்?"

"ஹொசூர் வரைக்கும் போனா நல்லா கேக்கும்."

போனோம். வழியில் ஒரு கடையில் டிபன் சாப்பிட்டோம். மெல்போர்ன் மகள் சின்ன வயதில் அவருடைய முந்தைய காரின் பின் சீட்டில் நின்றுகொண்டு வருவதைப் பற்றிச் சொன்னார். நான் என் மகளைப் பற்றிச் சொன்னேன். திரும்பி வந்து இறங்கியதும் கதவைப் பதமாகச் சாத்திவிட்டு, ஜன்னலில் குனிந்தார்.

"இன்னிக்கு சரியா பிடிபடல. இன்னொரு நாள் மைசூர் ரோட்டுல போட்டுப் பாப்போம்."

அந்தச் சத்தத்துக்காக நான் இன்றுவரை எந்த மெக்கானிக்கிடமும் போகவில்லை.