ஆர்க்கிட் இலையும் ஆபீஸ் ரூமும்

“ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்!”

மனைவியின் குரலில் ‘கொஞ்சம்’ என்று வந்தால் விஷயம் கொஞ்சமில்லை என்று சர்வேயருக்குத் தெரியும். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாய் நுரையோடு ஓடி வந்தார். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த ஆர்க்கிட் செடியின் முன்னால் அவள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“இலை மஞ்சளாயிடுச்சு.”

எட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த இலை நுனியிலிருந்து பாதி தூரம் மஞ்சளடித்திருந்தது. வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கிவிட்டார்.

இவர் நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர். எங்காவது மோட்டார் எரிந்தாலோ, கூரை இடிந்தாலோ, டார்ச்சும் டேப்புமாகப் போய் நின்று, கம்பெனி ஏன் பணம் தர வேண்டியதில்லை என்று கண்டுபிடித்துவிட்டு வருவார். ‘இது சேதமில்லை, தேய்மானம்’ என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு மொத்த சர்வீஸையும் ஓட்டியவர். கூரை விழுந்து தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு மனிதரிடமே, “கூரைக்கு வயசாயிடுச்சு சார், உங்க தலைக்கும்தான்” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒற்றை இலையைப் பார்த்து நுரையை விழுங்கும் நிலைமை வந்தது என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. பச்சை நிறத்தில் இருந்தது.

டாக்டர் அவருக்குச் சர்க்கரையை நிறுத்தியதிலிருந்து, மனைவி தினமும் காலையில் ஒரு சாறு அரைத்துக் கொடுத்து வந்தாள். கீரையா, காயா, பக்கத்து வீட்டு வேலியா என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாத சாறு. முதல் நாள் குடித்தார். இரண்டாம் நாள் அவள் அடுக்களைப் பக்கம் திரும்பியதும் ஆர்க்கிட்டுக்குக் கொடுத்தார். அது எதிர்த்துப் பேசவில்லை. அந்த வீட்டில் அவர் சொல்படி நடந்த ஒரே ஜீவன் அதுதான் என்பதால் பழக்கம் தொடர்ந்தது.

“என் தம்பி ஆசையா வாங்கிக் குடுத்த செடி,” என்றாள் மனைவி. “அவன்கிட்ட இப்பத்தான் போன்ல சொன்னேன். தொட்டியிலேர்ந்து ஒரு கைப்பிடி மரப்பட்டை எடுத்து லேபுக்கு அனுப்பினா போதுமாம். யாரு என்னத்தை ஊத்தினாங்கங்கற வரைக்கும் புட்டுப் புட்டு வெச்சுடுவாங்களாம்.”

“லேபா? எதுக்கு லேபு? வீட்டுல ஒரு சர்வேயர் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்!”

“நீங்க பார்க்கறீங்களா?”

“காரணம் கண்டுபிடிக்கறது என் தொழில்மா!”

“கண்டுபிடிச்சுடுவீங்கன்னு எனக்கும் நம்பிக்கை இருக்கு,” என்றாள் அவள், வெகு பணிவாக. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பணிவை அவர் கேட்டதில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அவருடைய சாமர்த்தியமெல்லாம் அடுத்தவர் வீட்டில்தான் வேலை செய்யும்.

இந்த இடத்தில் அவருடைய ஆபீஸ் ரூமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் நல்ல ஜன்னல் உள்ள அறை அது ஒன்றுதான். ஏ.சி.யும் அங்கேதான். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் சாய்ந்து, நெஞ்சில் ஒரு ஃபைலை விரித்துக்கொண்டு, கம்பெனிக்காகக் குறட்டை விடுவார். மனைவியோ தையல் வேலை செய்பவள். திரைச்சீலை, யூனிஃபார்ம் என்று அக்கம்பக்கத்திலிருந்து வந்து குவியும். அவளுடைய மெஷின், குளியலறைக்குப் போகும் வழியில் வாஷிங் மெஷினோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. அது துணி பிழிய ஆரம்பித்தால் இவள் தைக்கும் நேர்கோடு தானே வளைந்து நெளியும். அந்த அறையை அவள் கேட்காத மாதமில்லை. “கம்பெனி ரகசியம் இருக்கற ரூம்மா” என்று அவர் மறுக்காத மாதமும் இல்லை. அந்த ஜன்னலை விட்டால் தன் வாழ்க்கையில் வேறு சுகமே இல்லை என்று அவர் உண்மையிலேயே நம்பினார்.

விசாரணை தொடங்கியது. டார்ச் அடித்தார். டேப் பிடித்தார். இலையை முகர்ந்துகூடப் பார்த்தார். தொட்டியில் மண்ணுக்குப் பதிலாகப் போட்டிருந்த, சாறு ஊறிய மரப்பட்டைத் துண்டுகள் பக்கம் மட்டும் டார்ச்சைத் திருப்பவில்லை.

“வெளிச்சம் பத்தல. அதான்,” என்று தீர்ப்புச் சொன்னார்.

“அப்ப லேபு வேண்டாமா?”

“வேண்டவே வேண்டாம்.”

“அப்ப வெளிச்சத்துல வைக்கணும். நம்ம வீட்டுல வெளிச்சம் எங்கங்க இருக்கு?”

சர்வேயர் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வெளிச்சம் ஒரே இடத்தில்தான் இருந்தது. அன்று சாயங்காலமே ஆர்க்கிட் ஜன்னலோரம் குடியேறியது. சாய்வு நாற்காலி கதவோரம் போனது.

செடி தன் அறைக்கே வந்ததில் அவருக்குள் ஒரு சின்னக் குஷி. சாறு ஊற்ற வசதியாயிற்றே! ஆனால் லேபு ஞாபகம் வந்து கையைக் கட்டிப்போட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தானே குடித்தார்.

அவர் குடித்ததற்காக இலை மனம் இரங்கவில்லை. இன்னும் மஞ்சளாயிற்று.

“வெளிச்சம் இல்லீங்க காரணம்,” என்றாள் மனைவி. “தம்பிக்குப் போன் போடவா?”

“இரு, இரு! குளிர்... குளிர்காத்து நேரா அடிக்குது பாரு. ஏ.சி.தான் குத்தவாளி.”

“நிறுத்திடலாமா?”

“நிறுத்தித்தான் பார்ப்போமே,” என்று மென்று விழுங்கினார். அந்த வாரம் ஃபைல்களை விசிறியாகப் பயன்படுத்தினார்.

இலை முழுசாக மஞ்சளாகிச் சுருங்கத் தொடங்கியது. மனைவி போனைக் கையில் எடுத்தாள்.

“தூசி!” என்று அலறினார் சர்வேயர். “ஃபைல் தூசி! காத்தோட்டமே இல்ல. செடி மூச்சு முட்டித் தவிக்குது!”

“ஐயையோ, பாவம். ஃபைலையெல்லாம் என்ன பண்றது?”

“பரண்ல போட்டுடலாம்.”

“கம்பெனி ரகசியமாச்சேங்க?”

“பரண்ல இருந்தா இன்னும் ரகசியமா இருக்கும்.”

“மேஜை?”

“அதுவும் அடைச்சுக்கிட்டுதான் நிக்குது.”

“அப்ப நாற்காலி? நான் தப்பாச் சொல்லல. நீங்க விடற குறட்டைக் காத்துல பெரிய இலையே ஆடுது.”

நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோமே என்று உள்ளூர ஒரு பெருமை வேறு. அறையில் நடுநாயகமாக ஆர்க்கிட் மட்டும் நின்றது.

அடுத்த ஞாயிறு அவர் எழுந்து வந்தபோது அந்த அறையிலிருந்து கடகடவென்று சத்தம் கேட்டது. ஜன்னலோரம் தையல் மெஷின். அதன் முன்னால் மனைவி. ஓடிய தையல் ரயில் தண்டவாளம் மாதிரி நேராக இருந்தது. ஆர்க்கிட் ஹாலில் பழையபடி ஸ்டூலுக்கு வந்திருந்தது.

“என்னம்மா இது? செடிக்கு வெளிச்சம்...”

“இவ்வளவு நாளும் ஹால்லதானேங்க பூத்துது? ஜன்னல் வெயில் நேரா பட்டா இலை கருகிடும். பாவம், ரெண்டு வாரம் திரைச்சீலை போட்டுக் காப்பாத்தினேன்.” மடியிலிருந்து ஒரு காய்ந்த மஞ்சள் இலையை எடுத்து நீட்டினாள். “இது தானா கழண்டு விழுந்துடுச்சு. நடுவுல புது இலை வருது, பார்த்தீங்களா? வேரெல்லாம் பச்சையா, கெட்டியா இருக்கு. ஊத்தினது ஒத்துக்காம வேர் அழுகியிருந்தா பழுப்படிச்சு நசநசன்னு இருக்கும். மேல இருக்கற இலைகூட வாடியிருக்கும். இங்க அடி இலை ஒண்ணுதான் போச்சு. இருக்கறதுலயே மூத்த இலை. இதுக்கு உங்க பாஷையில என்ன பேருங்க?”

சர்வேயர் இலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வார்த்தையை முதல்முறையாகத் தன் வீட்டில் சொன்னார்.

“தே... தேய்மானம்.”

“ஆங்! இடிஞ்ச கூரைக்கெல்லாம் வாய் கூசாம சொல்றவரு, நிஜமாவே வயசாகி உதிர்ற இலைக்கு மட்டும் ஏன் சொல்லல? வெளிச்சங்கறீங்க, ஏ.சி.ங்கறீங்க, தூசிங்கறீங்க. மடியில கனம் இருக்கறவங்கதாங்க இத்தனை காரணம் தேடுவாங்க.”

“அப்ப... உனக்கு முன்னாடியே...”

“ரெண்டாம் நாளே தொட்டிக்கு அடியில பச்சையா ஒழுகி நின்னுச்சு. தினமும் நீங்க ஆபீஸ் கிளம்பினதும் தொட்டியைக் குழாயடியில அலசி வெச்சிருக்கேன். இல்லேன்னா செடி என்னைக்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.”

சர்வேயர் அசடு வழிய நின்றார். கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. கடைசியாக ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

“அந்த லேபு?”

“எந்த லேபு?” என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி. “உங்க நாற்காலியை வாஷிங் மெஷின் பக்கத்துல போட்டிருக்கேன். போய் உட்காருங்க, சாறு தயாரா இருக்கு.”

போய் உட்கார்ந்தார். வாஷிங் மெஷின் துணி பிழிய ஆரம்பித்தது. கையிலிருந்த கிளாஸ் தானாக ஆடியது. அவர் கண் மட்டும், என்ன செய்வது, பழக்க தோஷம், ஹால் ஸ்டூல் பக்கம் போய்ப் போய் வந்தது.

மெஷின் சத்தத்தையும் மீறி உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அது உங்களுக்கு, நீங்களே குடிங்க! செடிக்கு வேணும்னா நான் தனியா அரைச்சுக் குடுத்துக்கறேன்.”