பணி நிரந்தரம் பெற்ற கனிப்புறா

மனித குலத்தின் தொழில் வரலாற்றில் ஒரு புறாவுக்கு அடையாள அட்டை கொடுத்து, வருகைப் பதிவு வைத்து, பிறகு அதைப் பணி நிரந்தரமும் செய்த பெருமை ஓசூர் தொழிற்பேட்டைக்கே உரியது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. இந்தச் சாதனையைச் செய்தவர் பெயர் நல்லவேளையாகத் தெரியும். மோகன்குமார், மனிதவள மேலாளர், வேல்ரத்னா ஹார்னஸ் பிரைவேட் லிமிடெட்.

வேல்ரத்னாவில் ஸ்கூட்டர்களுக்கு ஒயர்க் கட்டுகள் தயாராகின்றன. அறுநூறு பேர் வேலை செய்கிறார்கள், அதில் நிரந்தரம் எழுபது பேர். மற்றவர்கள் கான்ட்ராக்ட். இருநூற்று நாற்பது நாள் விடாமல் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்கும் உரிமை வந்துவிடும் என்பதால், இருநூற்று முப்பத்தைந்தாவது நாளே அவர்களைப் பத்து நாள் 'பிரேக்'கில் அனுப்பிவிட்டு, பதினோராவது நாள் 'புதிதாக' எடுத்துக்கொள்வார்கள். தொழிலாளி ஓய்வெடுக்க வேண்டும் என்பதில் நிர்வாகத்துக்கு அவ்வளவு அக்கறை. அந்த அக்கறையை ஒரு நாள்கூடப் பிசகாமல் நடத்திவந்தவர் மோகன்குமார். அதற்காக அவர் தூக்கம் கெட்டதாக யாரும் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு கோடையில் வேலை நேரத்தில் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். தொழிலாளர்கள் மின்விசிறி கேட்டார்கள். அந்த வாரம் விமானத்தில் பத்திரிகை படித்துக்கொண்டு வந்த நிர்வாக இயக்குநர் ரத்தினவேல், பணியிடத்தில் ஒரு பறவையைப் பார்த்தாலே 'மன அழுத்தம்' குறைகிறது என்ற அறிவியல் உண்மையை அறிந்துகொண்டார். ஆகவே மின்விசிறிக்குப் பதில் பறவை வந்தது.

சாதாரணப் பறவை அல்ல. எங்கோ கடல் நடுவே தீவுக் காடுகளில் வாழும் கனிப்புறா. உச்சந்தலையில் ரோஜா நிறம், உடம்பெல்லாம் பச்சை, வயிறு மாம்பழ மஞ்சள். பெங்களூரில் உரிமம் பெற்ற ஒருவர் வளர்த்து விற்றது. வாங்கிக்கொண்டு வந்த மோகன்குமாரைக் கேட்டில் செக்யூரிட்டி நாராயணப்பன் நிறுத்தினார். கன்னடம் கலந்து பேசும் தளி ஊர்க்காரர், கறாரானவர்.

"சார், ஆளா இருந்தா கார்டு வேணும். பொருளா இருந்தா பில்லு ஏறணும். இது ரெண்டுல எது?"

மோகன்குமார் யோசித்தார். பொருள் என்று ஏற்றினால் தொண்ணூறு நாளில் உற்பத்திக்குப் பயன்படுத்திவிட வேண்டும். பயன்படுத்தாவிட்டால் ஸ்கிராப்பில் போடச் சொல்லி ஆடிட்டர் எழுதுவார். எனவே ஆள் என்றே பதிவு செய்தார். பெயர் கனி. கான்ட்ராக்ட், எண் 4117. கூண்டுக்கு மேலே முகம் பார்த்து வருகை பதியும் கேமரா ஒன்றையும் பொருத்தினார்.

அன்றைக்கே 4118-ஆம் எண்ணில் 'புதிதாக'ச் சேர்ந்தவள் கெலமங்கலத்து மாதேஸ்வரி. எட்டு வருடத்தில் அவள் புதிதாகச் சேர்வது அது பத்தாவது முறை.

புறா என்றால் கம்பு தின்னும். மோகன்குமாருக்கு இதில் சந்தேகமே இல்லை. விற்றவர் கொடுத்த காகிதத்தைப் பத்திரமாக ஃபைலில் வைத்துவிட்டு, 'காலை ஐம்பது கிராம் கம்பு, மாலை ஐம்பது கிராம் கம்பு' என்று செயல்முறை ஆவணம் தயாரித்துச் சுவரில் ஒட்டினார். இரண்டு நாள் புறா கம்பைத் தொடவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் ஒழுக்கத்தை எல்லோரும் வியந்தார்கள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் மாதேஸ்வரி கூண்டருகே நின்று பார்த்துவிட்டு மோகன்குமாரிடம் வந்தாள்.

"சார், இது கம்பு திங்கற புறா இல்லீங்க. எங்கூட்டாண்ட ஆலம்பழம் திங்க பச்சப்புறா வரும், அத்த மாதிரிதான் இருக்குது. பழம் வெச்சுப் பாக்கட்டுமா?"

"ஆவணத்துல கம்புன்னு இருக்கேம்மா."

"ஆவணத்த அது படிக்கலியே சார்."

தன் டிபன் டப்பாவிலிருந்து பப்பாளித் துண்டு ஒன்றை அவள் நீட்டினாள். புறா முழுசாக விழுங்கியது. அடுத்த துண்டுக்கு வாயைத் திறந்தது.

ரத்தினவேல் மகிழ்ந்தார். 'நலவாழ்வு உதவியாளர்' என்று நிரந்தரப் பணியிடம் ஒன்றை உருவாக்கினார். மோகன்குமார் மாதேஸ்வரியைக் கூப்பிட்டு, "புறாவ நல்லபடியாப் பாத்துக்கோ. அந்த போஸ்ட் உனக்குத்தான்" என்றார். சொல்லும்போது உண்மையாகவே நெகிழ்ந்தார். நெகிழ்வதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை அல்லவா!

அவளுக்கு அன்றிலிருந்து கால் தரையில் படவில்லை. பிரேக் வரும்போதெல்லாம் ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குப் போய் முள் கிழித்த கையோடு திரும்புகிறவள். 'இந்த வருசத்தோட தோட்டத்துக்குப் போறது நின்னுச்சு' என்று மகள் சுவேதாவிடம் சொல்லிவிட்டாள். லைனில் தன் வேலையையும் முடித்து, இடைவேளையில் புறாவுக்குப் பழம் நறுக்கினாள். ஆவணத்தில் கம்பு என்பதைப் பழம் என்று மாற்றும்படி அவள் நாலு தடவை கேட்டாள். மோகன்குமாரும் மாற்றக் கோரிக்கை அனுப்பினார். 'கம்பினால் பாதிப்பு என்பதற்குத் தரவு எங்கே?' என்ற கேள்வியோடு அது தரப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது.

இப்படியாக இருநூற்று முப்பத்தைந்தாவது நாள் வந்தது. திரையில் இரண்டு எண்கள் சிவப்பில் மின்னின. 4117, 4118. பிரேக் கொடுக்கவும்.

மோகன்குமார் இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"புறாவ வெளிய அனுப்ப முடியாதுய்யா. அடுத்த வாரம் ஃபாரின் கஸ்டமர் வர்றாங்க. அவங்க பாக்க ஆசப்படுறதே இதைத்தான்" என்றார் ரத்தினவேல்.

"அப்படின்னா நிரந்தரம் பண்ணணும் சார். இல்லேன்னா சிஸ்டம் லாக் ஆயிரும். காலியிடம் ஒண்ணுதான் இருக்கு, புறாவப் பாத்துக்கிறவங்களுக்குன்னு போட்டது."

"அந்தப் புறாவ அந்தப் புறாவவிட அக்கறையாப் பாத்துக்கிற ஆள் யாருய்யா இருக்க முடியும்?"

இந்த வாதத்தில் மோகன்குமாரால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. தேடவும் இல்லை. அன்று மாலை நாலரை மணிக்கு 4117 நிரந்தரம் ஆனது. நாலே முக்காலுக்கு 4118 பிரேக்கில் போனது.

மாதேஸ்வரி முதலில் தனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "என் கதைய விடுங்க சார். பத்து நாளைக்கு அதுக்குப் பழம் யாரு குடுப்பா?" என்றாள்.

"சந்தோஷ்னு ஒரு பையன். ஆவணத்துல இருக்கறத அப்படியே செய்வான்."

"அதான் சார் எனக்குப் பயமே."

சந்தோஷ் அப்படியேதான் செய்தான். காலை ஐம்பது கிராம், மாலை ஐம்பது கிராம், இரண்டு வேளையும் கையெழுத்து. 'விலகல் ஏதும் இல்லை' என்று தரப் பிரிவு அவனைப் பாராட்டி அறிவிப்புப் பலகையில் படம் போட்டது.

மறுநாள் காலையிலிருந்து மாதேஸ்வரி பப்பாளியும் திராட்சையும் எடுத்துக்கொண்டு கேட்டில் வந்து நின்றாள்.

"பேடம்மா, பேடா" என்றார் நாராயணப்பன். "கார்டு இல்லாம விட்டா என் வேல போயிடும். பழத்த மட்டும் உள்ள அனுப்பலாம்னா, கேன்டீன் சாமானுக்கு பில்லு கேக்கறாங்க."

அவள் மோகன்குமாருக்கு போன் செய்தாள். அவர் பதறிப்போனார்.

"மாதேஸ்வரி, பிரேக்ல இருக்கும்போது கம்பெனிக்கு போன் பண்ணக் கூடாதும்மா. கேட்டுகிட்ட நிக்கவும் கூடாது. அது சர்வீஸ் தொடர்ச்சி ஆயிரும். நாளைக்கு நீ கோர்ட்டுக்குப் போனா என் கழுத்துக்கு வரும்."

"நான் கோர்ட்டுக்குப் போவல சார். புறாகிட்டதான் போவணும். அது திங்குதா?"

மோகன்குமார் எட்டிப் பார்த்தார். புறா அசையாமல் உட்கார்ந்திருந்தது. கிண்ணத்தில் கம்பு அளவு குறையாமல் இருந்தது. "நல்லா இருக்கு" என்று சொல்லி போனை வைத்தார். அந்தக் கிண்ணம் அவர் கண்ணில் பட்டது என்பதை இங்கே பதிவு செய்வது நம் கடமை. அடுத்த நாலு நாளும் பட்டது. ஆனால் அது நலவாழ்வுப் பிரிவின் கிண்ணம், மனிதவளத்தின் கிண்ணம் அல்ல.

ஆறாம் நாள் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மாலை, பொட்டு, இளநீர் எல்லாம் முறைப்படி நடந்தன. ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஆசையாகக் கூண்டின் கம்பியைத் தட்டினாள். புறா முகம் குப்புறக் கீழே விழுந்தது. ரோஜா நிறத் தலை கம்பு மணிகளுக்குள் புதைந்துகொண்டது. எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கேமரா அன்று காலையும் அதற்கு வருகை போட்டிருந்தது.

இரங்கல் கூட்டம் முறைப்படி நடந்தது. லைனை நிறுத்தாமலே இரண்டு நிமிட மௌனம். "தாமதமாக வந்ததில்லை, விடுப்புக் கேட்டதில்லை, சங்கத்தில் சேர்ந்ததில்லை" என்று ரத்தினவேல் தழுதழுத்தார். மின்விசிறி கேட்டவர்கள் வியர்வையைத் துடைத்தார்கள். நிர்வாகம் அதைக் கண்ணீர் என்று புகைப்படத்தின் கீழே எழுதிக்கொண்டது.

அதற்குள் கம்ப்யூட்டர் ஒரு புதுக் கேள்வி கேட்டது. பணியில் இருக்கும்போது இறந்த நிரந்தரத் தொழிலாளியின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை தர வேண்டும், வாரிசு யார்? சோறு போட்டு வளர்த்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று மோகன்குமாருக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அவர் மறுக்கமாட்டார். ஆனால் ரத்த உறவு இல்லையே. பெங்களூருக்கு வண்டி அனுப்பி இறந்த புறாவின் தம்பியைக் கொண்டுவந்து, முதல் நாளே நிரந்தரம் செய்தார்.

பதினோராவது நாள் மாதேஸ்வரி 'புதிதாக'ச் சேர வந்தாள். கையில் புது முள் கீறல்கள். கூண்டில் புதுப் புறாவைப் பார்த்தாள். சுவரில் பழைய கம்பு ஆவணத்தைப் பார்த்தாள். மோகன்குமார் அவள் முன்னால் உட்கார்ந்து பழைய புறாவின் மரண அறிக்கையைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார்.

"இன்னான்னு எழுதியிருக்கீங்க சார்?"

"இயற்கை மரணம்."

"எட்டு வருசமா எனக்கு பிரேக் குடுத்துப் பாத்தீங்க, நான் சாவல. என்னைய ஒரு தடவ அனுப்பினதுக்கு அது செத்துப்போச்சு. கேட்டுல பழத்தோட நின்னேன். திங்குதான்னு கேட்டேன். நல்லா இருக்குன்னீங்க. பட்டினி போட்டுக் கொன்னது நீங்கதான்னு எழுதுங்க சார்."

மோகன்குமார் கோபப்படவில்லை. பெருந்தன்மையானவர். பன்னிரண்டு பக்க அறிக்கையை நிதானமாகப் புரட்டினார். நோய்க்கு ஒரு கட்டம் இருந்தது. விபத்துக்கு இருந்தது. முதுமைக்கு இருந்தது. தொழிலாளியின் கவனக்குறைவுக்கு மட்டும் மூன்று பக்கம் இருந்தது.

"நீ சொல்றத எழுத இதுல இடமே இல்லயேம்மா" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. அந்த அறிக்கைப் படிவத்தை வரைந்தவர் மோகன்குமார்தான்.