அரண்மனைக்கு முதுகு காட்டாத வீதி

மேழிநாட்டில் ராஜாவை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அவரைக் கண்டு நடுங்குவார்கள். அதன் தலைநகரில் நேராக ஓடும் பெருவீதி ஒன்று இருந்தது. கிழக்கு முனையில் அரண்மனை, மேற்கு முனையில் பிரசவ ஆஸ்பத்திரி, நடுவில் பழம்பெரும் மணிக்கூண்டு.

ஒருநாள் உப்பரிகையில் நின்ற ராஜா, மேற்கே போகும் ஜனங்களின் முதுகுகளைப் பார்த்துவிட்டார். மனம் புண்பட்டுப் போயிற்று. மறுநாளே மரபு காப்பு அமைச்சர் அம்பலவாணர் அறிவித்தார்: "இனி இப்பெருவீதியில் எவரும், எதுவும், அரண்மனைக்கு முதுகு காட்டலாகாது."

மேற்கே போகிறவர்கள் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள். எதற்குத்தான் பழகமாட்டார்கள்! அரண்மனை வாசலில் வீதியைப் பார்த்து நின்ற கல் யானைகளின் தலைகளை வெட்டி, வால் இருந்த இடத்தில் ஒட்டினார்கள். வாசல் மேற்கே பார்த்திருந்த குற்றத்துக்காக மணிக்கூண்டை அடியோடு பெயர்த்தார்கள். பள்ளத்தை மூட மட்டும் யாரும் உத்தரவு போடவில்லை.

வண்டி இழுக்கும் மாசிலானின் மனைவி வடிவுக்கு இடுப்பு வலி எடுத்தது. தலைச்சன் பிரசவம். அவளை வண்டியில் படுக்கவைத்து, அரண்மனையைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தே இழுத்தான்.

"ஐயா, அவசரம். இந்த ஒரு தடவை திரும்பிக்கிறேன்யா" என்று காவலனிடம் கெஞ்சினான்.

"எனக்கு வேலை போயிரும்ப்பா. அப்படியே இழு, எல்லாரும் போகலையா?"

பள்ளம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வண்டியோடு உள்ளே விழுந்தார்கள். வடிவு பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அமைச்சர் நேரில் வந்து இரங்கல் தெரிவித்தார். "விழும்போதும் அரண்மனையைப் பார்த்தபடியே விழுந்திருக்கிறார்கள். இதுவன்றோ மரபு!" ஜனங்கள் தலையாட்டிவிட்டு, பின்பக்கமாகவே வீட்டுக்குப் போனார்கள்.

தேர்தல் வந்தது. எதிர்த்து நின்ற கதிரொளியார், மேடைக்கு மேடை வடிவின் பெயரைச் சொல்லி அழுதார். அமோகமாக ஜெயித்தார். பதவியேற்ற அன்று உப்பரிகையிலிருந்து முழங்கினார்: "கொடுங்கோன்மை ஒழிந்தது! இன்றுமுதல் நீங்கள் பக்கவாட்டில் நடக்கலாம்!"

வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. புதிய அமைச்சர் அம்பலவாணர், ஆமாம், அவரேதான், நண்டு மாதிரி நடந்து காட்டினார். கூட்டம் விசிலடித்தது.

மாசிலான் கையைத் தூக்கினான். பக்கத்தில் வடிவு, மறுபடி நிறைமாத வயிற்றோடு.

"எப்ப வேணா வலி வந்துரும்யா. பள்ளம் இன்னும் அப்படியேதான் கெடக்கு. நேரா நடந்து போயிக்கலாமா?"

விசில் நின்றது. மணிக்கூண்டு விழுந்தபோதும், வடிவு பள்ளத்தில் கிடந்தபோதும் அதிராத ஜனங்கள் அதிர்ந்துபோனார்கள். பின்னாலிருந்து யாரோ அவன் வாயைப் பொத்தினார்கள்.

"சும்மா இருய்யா. இப்பத்தான் விடுதலையே கிடைச்சிருக்கு. அதையும் கெடுத்துராதே."